இரண்டாவது காது

1

ஊருக்குப் போய்வந்து மூன்று வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் குழுவில் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்று ஜெர்மன் மொழியில் இரண்டே சொல்லில் முடித்துவிட்டு, தட்டில் இருந்த ஆப்பிள் கேக்கைக் குனிந்து தின்றேன். எங்கள் குழுவில் யாரும் பொய் சொல்வதில்லை. பொய் சொல்லாமல் இருப்பதற்காகவே அங்கே போகிறோம். அதனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அவர்களிடம் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் நான் பதினைந்து வருடத்துக்கு மேலாக இருக்கிற காஸல் என்ற ஊரில், ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் மாதம் ஒருமுறை கூடுகிற பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள். சிலருக்கு மலத்துக்கு, சிலருக்கு மூத்திரத்துக்கு. எனக்கு மூத்திரத்துக்கு. எழுதிவிட்டேன். இந்த வரியைத் தமிழில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

2

எனக்கு வந்தது சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பிடித்த இடம் மோசம், பையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டிக் குழாய் மாதிரி வைத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் வெளியே திறந்துவிட்டார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டப்பட்டிருக்கும். அது பாட்டுக்கு நிறையும். நிறைந்ததும் அடியில் இருக்கிற மூடியைத் திறந்து காலி செய்ய வேண்டும். எனக்கு என்று ஒரு கட்டுப்பாடும் கிடையாது. அடக்கவும் முடியாது, முக்கவும் முடியாது.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருத்துவர், புகை பிடிப்பீர்களா, சாயம், மை எதிலாவது வேலை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில், பள்ளிக்கூட லீவு நாட்களில் ரோலர் கழுவிய கை இது. முழங்கை வரைக்கும் மை இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாலும் நகக்கண்ணில் சிவப்பு போகாது. ஆமாம் என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மைதான் எனக்குச் சோறு போட்டது. இங்கே அட்டைப்பெட்டி அச்சடிக்கிற கம்பெனியில் இன்றைக்கு நான் இயந்திரம் ஓட்டுவதும் அதே மையை வைத்துத்தான்.

நோயைவிடப் பை பெரிய அடி. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மா கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பையை மாற்றச் சொல்லிக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பொறுமையாக, கண்ணைத் திறக்காமல் இதைக் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை என்றார். என் மனைவி கவிதா முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள், தினம் இது போன்றதைப் பார்க்கிறவள். அவள் முன்னால் கூடச் சட்டையைத் தூக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இரவில் நிறைவதைப் பிடிக்கப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் பெரிய பையும் தொங்கும். அதைப் போர்வையால் மூடி வைப்பேன். யார் பார்க்கப் போகிறார்கள்? தெரியாது. ஆனாலும் மூடுவேன்.

இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டு மாதாமாதம் பை வாங்க வேண்டும். முதல் தடவை பதற்றத்தில், கடையில் காய்கறி போட்டுத் தருகிற பைக்கான ஜெர்மன் சொல்லைச் சொல்லித் தொலைத்தேன். எதிர்முனைப் பெண், அதெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ஐயா என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டுப் பேசியது கவிதாதான். பிறகு ஊனமுற்றோர் அட்டைக்கு விண்ணப்பம். உன் உடம்பில் எத்தனை விழுக்காடு ஊனம் என்று ஓர் அலுவலகம் கணக்குப் போட்டுத் தபாலில் அனுப்பியது. அந்த அட்டையைக் காட்டினால் வரிச் சலுகை, கூடுதல் விடுமுறை எல்லாம் உண்டு. பர்ஸில் மற்ற அட்டைகளுக்குப் பின்னால், திருப்பி வைத்திருந்தேன்.

என் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் உடல் உறுப்புகளைப் பற்றி அவரவர் ஒரு தலைப்பில் பேச வேண்டுமாம். இவள் போய் என் பையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள், படமெல்லாம் வரைந்து. டீச்சர் பாராட்டினார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் கத்தினேன். நம் மானம் போச்சு என்றேன். மானம் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி அவள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

குழுவுக்குக் கவிதாதான் தள்ளிவிட்டாள். முதல் நாள் போனபோது, டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற பெக்கர் என்ற பெரியவர், தன் பேத்தியின் கல்யாண விருந்தில் நடனமாடும்போது பை கழன்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடவில்லை. அடுத்த மாதமும் போனேன். தோல் புண்ணுக்கு எந்தக் களிம்பு, விமானத்தில் எத்தனை பை கையில் இருக்க வேண்டும், படுக்கையில் மனைவியிடம் என்ன பேசுவது, எல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மறுபடி வேலைக்குப் போனது, சைக்கிள் ஓட்டியது, சிரித்தது எல்லாம் அவர்களால்தான். ஆனால் அந்தத் தைரியம் எல்லாம் ஜெர்மன் மொழியில் மட்டும் இருந்தது.

3

ஊரில் யாருக்கும் தெரியாது. கல் அடைப்பு, ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்துத் தண்ணீருக்குக் கல் அடைப்பு இல்லாத வீடு குறைவு. ஒருவரும் சந்தேகப்படவில்லை. வாழைத்தண்டு ஜூஸ் குடி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், எங்கள் ஊர்க் கண்கள் எனக்குத் தெரியும். என்னிடமும் அதே கண்கள்தான் இருந்தன. எங்கள் தெருவில் பட்டாசுக் கம்பெனித் தீயில் தப்பித்து வந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கழுத்தும் ஒரு கையும் வெந்து ஒட்டிப்போயிருக்கும். கல்யாண வீடுகளில் அவர் பந்தியில் உட்கார்ந்தால் அவருக்குப் பக்கத்து இலை கடைசியாகத்தான் நிறையும். ஒரு தடவை அந்த இலையில் என்னை உட்காரச் சொன்னார்கள். வயிறு வலிக்கிறது என்று எழுந்து போனேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு சரியாக வராத முகம். இன்றைக்கு வரைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

என் அக்கா லட்சுமி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மச்சான் திருத்தங்கலில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணமாகி ரொம்ப வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோவில் கோவிலாக ஏறி இறங்கிப் பிறந்தவள் மகி. குலசாமிக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று வேண்டுதல். எங்களில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடி கிடையாது. அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

ஒரு வயதில், பங்குனி உத்திரத்தில் வைப்பதாக இருந்தது. அந்த வருடம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அடுத்த பங்குனிக்கு லீவு இல்லை என்றேன். அதற்கு அடுத்த பங்குனிக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது என்றேன். அதற்கும் அடுத்ததில், நம் சித்தப்பா மகன் மடியில் வைத்து முடித்துவிடேன் அக்கா என்று போனில் சொன்னேன். அக்கா சொன்னாள்:

"நீ செத்தா போயிட்ட? எதுக்குலே இப்படிப் பேசுத? பிள்ளைக்கு அஞ்சு வயசாகப் போகுது. ஸ்கூல்ல எல்லாப் பிள்ளையும் கம்மல் போட்டுக்கிட்டு வருது. இது மட்டும் வெறுங்காதோட போகுது. ஏன் உங்க மாமா வரலைன்னு கேக்காளுவளாம். உனக்கு எங்க மேல என்ன கோவம்னு சொல்லு, கால்ல விழுந்துருதேன்."

கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன் என்றேன். ஈஸ்டர் விடுமுறை. கவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இனியா, நான் வரவில்லை, அங்கே எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுவார்கள் என்று சொல்லிவிட்டாள். உண்மையில் என் கூட வர அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். தனியாகக் கிளம்பினேன்.

4

கோவில் சாத்தூருக்கு மேற்கே, கண்மாய்க்கரையில். இரண்டு வேனில் சொந்தக்காரர்கள். வேனை விட்டு இறங்குவதற்குள் மச்சானின் கூட்டாளிகள் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் மாமன் சீர் இறங்கினால் காது கிழிகிற மாதிரி வெடிக்க வேண்டும். மகி அசையாமல் நின்று பார்த்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெடிக்குப் பயப்படாது.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். காஸலில் நான் போடுவது இடுப்பில் இறுக்காத, ரப்பர் வைத்த பேன்ட். தாய்மாமன் பேன்ட்டோடு மடி கொடுக்க முடியுமா? மச்சான் பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தார். கட்டினேன். இத்தனை வருடம் கட்டாத பழக்கம், அவிழ்ந்துவிடுமோ என்று பயம். அதனால் சரியாகப் பையின் மேலேயே முடிச்சைச் சுருட்டி, அதற்கும் மேலே பச்சை பெல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, பை நிறையக்கூடாது என்று. ஆனால் கோவிலில் வந்தவர் போனவர் எல்லாம் கொடுத்த இளநீரை மறுக்க முடியவில்லை. காலி செய்ய அங்கே கழிப்பறை கிடையாது. கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்கலாம் என்றால், எங்கே போறீக மாப்ள, துணைக்கு வரவா என்று ஒருத்தர் கூடவே வருகிறார். எல்லா ஆண்களும் நின்று போகிற இடத்தில் நான் வேட்டியை அவிழ்த்துப் பையின் மூடியைத் திறப்பதா? அடக்கிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், பாருங்கள். அடக்குவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, புதுப்பாவாடை கட்டி மகியைக் கூட்டிவந்தார்கள். வீடியோவில் மட்டும் பார்த்த மாமன். ஆனாலும் ஓடி வந்து மடியில் ஏறி, முதுகை என் வயிற்றில் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். பெல்ட்டுக்கு அடியில் பை இறுகுவது தெரிந்தது. ஆசாரி இரண்டு காதிலும் மைப்புள்ளி வைத்து வலக்காதைக் குத்தினார். அம்மா என்று கத்திக்கொண்டு காலை உதைத்து அவள் பின்னால் எம்பினாள். வயிற்றில் சூடாக ஏதோ பிரிந்தது.

பட்டு வேட்டி நனைந்து, அவள் பாவாடை நனைந்து, பாயில் ஓடியது. அவள் துள்ளி எழுந்து நின்றாள்.

"ஏ, பிள்ள மாமன் மடியில ஒன்னுக்குப் போயிருச்சு!" என்று யாரோ ஒரு பெண் குரல். பந்தல் முழுக்கச் சிரிப்பு. நல்ல சகுனம் என்றார் ஒருவர்.

"நான் போகல" என்றாள் மகி.

நான் எழுந்து, நனைந்த வேட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு வேனுக்குப் போனேன். போகும்போது நானும் சிரித்துக்கொண்டே போனேன்.

5

வேனுக்குள் என் பயணப் பெட்டியில் மாற்றுப் பை இருந்தது. துடைத்து, புதிதாக ஒட்டி, பேன்ட் மாட்டிக்கொண்டேன். வெளியே பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆசாரிக்கு வேறொரு காதுகுத்துக்கு நேரமாகிறது. இன்னொரு காது பாக்கி. மகி மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் சுற்றி நின்று அவளைக் கேலி செய்கிறார்கள்.

இறங்கி வந்தேன். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு வயசாச்சு, ஒன்னுக்கு வருதுன்னு சொல்லத் தெரியாதா? அம்புட்டுச் சனத்துக்கு முன்னால மானத்த வாங்குறியே. மாமா எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அக்காவை எனக்குத் தெரியும். அத்தனை வருடம் தவமிருந்து பெற்ற பிள்ளையை அதற்கு முன் அவள் அடித்திருக்க மாட்டாள்.

மகி அழவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு காதில் தங்கக் கம்பி, ஒரு காதில் வெறும் மைப்புள்ளி.

"மாமா, நீங்க சொல்லுங்க. நான் போகலைல்ல?"

மடிக்குச் சொந்தக்காரனிடம் சாட்சி கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல அக்கா, விடு. பிள்ளைதானே, போனாப் போகட்டும்" என்றேன்.

"பாத்தீகளா, தாய்மாமன்னா இப்படில்ல இருக்கணும்" என்றார் மச்சானின் பெரியப்பா. இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டைப் போல் எதுவும் என்னைச் சுட்டதில்லை.

மகி என்னிடமிருந்து பார்வையை எடுத்தாள். அவள் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. தான்தான் போய்விட்டோமோ என்று அவளுக்கே ஒரு குழப்பம் வந்துவிட்டது. குனிந்து தன் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பிள்ள இல்லக்கா. நான்தான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. பிள்ளைக்காக மாமன் பழியை ஏற்றுக்கொள்கிறான் என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள். வேறு வழியில்லை. சட்டையைத் தூக்கினேன். பேன்ட்டுக்கு மேலே பை பாதி தெரிந்தது.

"எனக்குக் கல் அடைப்பு இல்ல. கேன்சர். மூத்திரப்பையை எடுத்துட்டாங்க. இதுலதான் போகும். இதுதான் கழண்டுச்சு. பிள்ள மேல தப்பில்ல."

சிலர் பையைப் பார்த்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். நான் பயந்த அதே கண்கள்தான். ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெரியப்பா வேறு பக்கம் திரும்பி, சமையல்காரரிடம் கறி வெந்ததா என்று கேட்டார். கதைகளில் வருகிற மாதிரி யாரும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. எனக்குக் காது மடல் வரை எரிந்தது.

அக்கா என்னைக் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். மகியை இழுத்த அதே பிடி. எனக்கும் முதுகில் ஒன்று விழுந்தது.

"கேன்சர்னு ஒரு வார்த்த சொல்லலையேலே. வாழைத்தண்டு குடி, வாழைத்தண்டு குடின்னு நான் கிறுக்கி மாதிரிப் போன்ல சொல்லிக்கிட்டுக் கெடந்திருக்கேன். நீயும் சரி சரின்னு கேட்டிருக்க." அழுகையில் குரல் உடைந்தது. "எம்பிள்ளைய அடிக்க வச்சிட்டியே. அது மேல கைய வச்சிட்டேனே."

மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சரியா ஒட்டியிருக்கியா?" என்றாள்.

"ம்."

"வேட்டி கட்டணும்லே. இந்தக் காதையாவது ஒழுங்காக் குத்தணும். எங்கன இறுக்கக்கூடாது, சொல்லு."

அவள் வேனிலிருந்து வேறொரு வேட்டியை எடுத்து வந்தாள். நான் பையைத் திறந்து காலி செய்தபோது, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, முடிச்சைப் பைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தளர்வாகக் கட்டிவிட்டாள். அவள் விரல் ஒரு தடவை பையில் பட்டது. எடுத்துவிடவில்லை.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மகியை யாரும் தூக்கவில்லை, இழுக்கவில்லை. அக்கா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அம்மாதான் தப்பு, தங்கம்" என்று மட்டும் சொன்னாள்.

மகி மெதுவாக நடந்து வந்தாள். என் முன்னால் நின்று வயிற்றையே பார்த்தாள். அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு அடக்கிப் பேசத் தெரியாது. பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"மாமா, பை காலியா?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினார். அவமானத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. காஸலில் ஜெர்மன் மொழியில் எளிதாகச் சொல்லக்கூடிய பதில்தான். தமிழில், அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னேன்.

"காலிதான் தங்கம். வந்து உக்காரு."